சாவி வளையத்தில் நூல் மாட்டுவது எப்படி?

கேள்வி: 8 நூல்களைக் கொண்டு அம்புமுனை வடிவத்தில் ஃப்ரெண்ட்ஷிப் பேண்ட் பின்னிப் பழகியவள் நான். அதே வடிவத்தில் கீ செயின் செய்யலாம் என்று 8 நூல்களையும் மடித்துச் சாவி வளையத்தில் மாட்டினேன். பட்டை இரு மடங்கு அகலமாகிவிட்டது. நிறங்கள் ஜோடி ஜோடியாக நிற்பதால் அம்புமுனையும் அமையவில்லை. போதாக்குறைக்கு, நூல்கள் வளையத்தில் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. எங்கே தவறு?

பதில்: முடிச்சுகளில் தவறில்லை, எண்ணிக்கையில்தான் தவறு. கைப்பட்டைக்கு எல்லா நூல்களையும் சேர்த்துத் தலைப்பில் ஒரு முடிச்சுப் போடுவதால் ஒரு நூல் ஓர் இழையாகவே இருக்கிறது. வளையத்தில் மாட்டும்போதோ, நூலை நடுவில் மடித்து, மடிப்பை வளையத்துக்குள் நுழைத்து, அந்தக் கண்ணி வழியாக இரு முனைகளையும் இழுத்து இறுக்குகிறோம். எனவே ஒரு நூல் இரண்டு இழைகளாகிவிடுகிறது. 8 இழைகள் வேண்டுமென்றால் 4 நூல்களே போதும். ஆனால் ஒவ்வொன்றும் இரு மடங்கு நீளமாக இருக்க வேண்டும். பின்னிய பகுதி 8 செ.மீ. வரவேண்டும் என்றால், எம்ப்ராய்டரி நூலில் ஓர் இழைக்கு அதைப் போல் ஏறத்தாழ 5 மடங்கும், கடைசியில் தொங்கவிட 10 செ.மீ.யும் கணக்கிட்டால் 50 செ.மீ.; ஒரு நூலில் இரண்டு இழைகள் என்பதால் ஒவ்வொரு நூலையும் ஒரு மீட்டராக வெட்டிக்கொள்ளுங்கள். மிஞ்சினால் வெட்டிவிடலாம், பாதியில் தீர்ந்துபோன இழையோடு மல்லுக்கட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நிறப் பிரச்சினை சற்று நுணுக்கமானது. ஒரே நிற நூலை மடித்தால் அதன் இரு இழைகளும் அருகருகேதான் விழும். சாய்கோட்டு வடிவத்துக்கு இதனால் கேடில்லை. கோடு இரட்டை வரிசையாகத் தடித்து வரும், அவ்வளவுதான். அம்புமுனைக்கோ, இடப்பக்கம் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நின்றால், வலப்பக்கம் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கண்ணாடியில் தெரிவதைப் போல் நிற்க வேண்டும். இதற்கு நான் கையாளும் வழி, வேறுவேறு நிறமுள்ள இரண்டு அரை நூல்களை முடிந்து ஒரே நூலாக்குவது. சிவப்பு-மஞ்சளில் இரண்டு, பச்சை-நீலத்தில் இரண்டு என 4 நூல்களைத் தயார் செய்து, அந்த முடிச்சே மடிப்பின் உச்சியாக அமையும்படி, மேலே சொன்ன வரிசையில் மாட்டுங்கள். மாட்டிய பிறகு பாருங்கள்: ஒரு பக்கம் குறுக்கே ஒரு சிறு பட்டை தெரியும், மறுபக்கம் அது தெரியாது. குறுக்குப் பட்டை உள்ள பக்கத்தைப் பின்பக்கமாக வைத்துக்கொண்டால், இணைப்பு முடிச்சும் அதன் மேலேயே அமர்ந்து கண்ணில் படாமல் போய்விடும். நான்கையும் ஒரே திசையில் நுழைக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்; ஒன்று திரும்பினாலும் முன்பக்கத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். நான்கு நூல்களையும் ஒரே கொத்தாக மடித்து மாட்டி, பிறகு நிறங்களைப் பிரித்து அடுக்குபவர்களும் உண்டு. வேலை சுலபம்தான், ஆனால் தலைப்பு குண்டாகிவிடும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

நூல்கள் நகர்வதற்கு வளையத்தின் வளைவே காரணம். முடிச்சுகளை நெருக்கித் தள்ளி, வளையத்தை அட்டையில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, முதல் இரண்டு வரிசைகளை மட்டும் வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னுங்கள். அதன் பிறகு இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அடிப்பக்கம் நேராக உள்ள கொக்கி கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. இரட்டைச் சுற்றுள்ள சாவி வளையத்தில் நேரடியாக நூலை மாட்டவே வேண்டாம். சுற்றுகளுக்கு இடையில் நூல் புகுந்துகொள்ளும். சாவி கோக்கும்போது கம்பியின் வெட்டுமுனை உரசி, நாளடைவில் மடிப்பு அறுந்துவிடும். இடைவெளியில்லாத சிறு வளையம் ஒன்றில் பின்னி முடித்து, அந்த வளையத்தைச் சாவி வளையத்தில் கோத்துவிடுங்கள்.