தொடங்கிய கட்டுரைகளின் கணக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தமிழ் விக்கிப்பீடியாவில் நான்கு ஆண்டுகளாக எழுதுகிறேன். தொடங்கிய கட்டுரைகளைப் பயனர் பக்கத்தில் பட்டியலிட்டு வருகிறேன். அதில் 312 இருக்கின்றன. ஒருவரின் பங்களிப்புகளை எண்ணிக் காட்டும் எக்ஸ்டூல்ஸ் கருவி 297 என்கிறது. எது சரி? இப்படிப் பட்டியல் வைப்பதே தற்பெருமைதானோ?

ம.

அன்புள்ள ம.,

இரண்டுமே சரியாக இருக்கலாம், எண்ணும் பொருள்தான் வேறு. பக்க வரலாற்றின் அடியில் கிடக்கும் முதல் தொகுப்பு, அதாவது முதலில் எழுதிச் சேமித்தது, யாருடையது என்பதை மட்டுமே கருவி பார்க்கிறது. வெறும் வழிமாற்றாக, அதாவது வேறு தலைப்புக்கு அனுப்பிவைப்பதாக மட்டும் கிடந்த பக்கத்தை நீங்கள் முழுக் கட்டுரையாக்கியிருந்தாலும், அந்த வழிமாற்றைப் போட்டவரே அதன் கணக்கில் தொடங்கியவர். உங்கள் வரைவை வேறொருவர் வெட்டி ஒட்டிப் புதுப் பக்கமாக்கினாலும் இதே கதை. பக்கத்தின் தலைப்பை மாற்றும் ‘நகர்த்து’ வசதியால் அவர் நகர்த்தியிருந்தால் வரலாறும் கூடவே போயிருக்கும். வெட்டி ஒட்டியதைக் கண்டால் வரலாறுகளை இணைக்கும்படி நிருவாகியிடம் கேளுங்கள். எழுதியவர் பெயர் தெரிய வேண்டும் என்பது உரிம விதி, அதைக் கேட்பதில் தற்பெருமை எதுவும் இல்லை.

மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பார்க்கும் பக்கத்தில் எழுதி அங்கிருந்து நகர்த்துபவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஒரே மணல்தொட்டியில் மூன்று தலைப்புகளை மாற்றி மாற்றி எழுதிவிட்டுக் கடைசியில் நகர்த்தினால், பழைய இரண்டின் தொகுப்புகளும் புதுக் கட்டுரையின் வரலாற்றில் ஏறிக்கொள்ளும். தொடங்கிய தேதியும் மாதக்கணக்கில் பின்னுக்குப் போய்விடும். தலைப்புக்கு ஒரு துணைப்பக்கம் வைத்துக்கொள்வதே நல்லது.

பட்டியலை எண்ணிக்கைக்காக வைத்தால் அது வெறும் அலங்காரம். பராமரிப்புக்காக வைத்தால் உங்களிடம் உள்ளதிலேயே பயனுள்ள பக்கம் அதுதான். பயனர் பக்கத்திலிருந்து எடுத்துத் தனித் துணைப்பக்கத்தில், வரிசைப்படுத்தக்கூடிய அட்டவணையாகப் போடுங்கள். தலைப்பு, தொடங்கிய நாள், நிலை, திரும்பப் பார்க்க வேண்டியது என்று நான்கு பத்திகள் போதும். நாளை 2023-04-09 என்ற வடிவில் எழுதுங்கள். ‘ஏப்ரல் 9’ என்று எழுதினால் அட்டவணை அதை நாளாக அறியாமல் எழுத்து வரிசையில் அடுக்கிவிடக்கூடும்.

பைட்டு அளவுக்கு ஒரு பத்தி வைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ‘தமிழ்’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், குறிக்கு மூன்று பைட்டாக மொத்தம் 15. அதே பெயருக்கு ஆங்கிலத்தில் ஐந்தே பைட்டுகள். ஆகவே 6,000 பைட்டுத் தமிழ்க் கட்டுரை பார்வைக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் பல சமயம் குறுங்கட்டுரைதான். வார்ப்புருவும் (தகவல் பெட்டி போன்ற ஆயத்தச் சட்டம்) மேற்கோள்களும் வேறு அதில் பாதியைத் தின்றிருக்கும்.

நான்காவது பத்திதான் முக்கியம். ‘தற்போதைய’ என்ற சொல் வரும் கட்டுரை ஒவ்வொன்றும் அங்கே ஏற வேண்டும்: பதவியில் இருப்பவர் பெயர், விளையாட்டுச் சாதனை, உயிரோடிருப்பவர் வாழ்க்கை. ‘தேர்தல் முடிந்ததும் பார்க்க’ என்று மூன்று சொல் எழுதினால் போதும். மேற்கோள் இணைப்பு செத்திருந்தால் அதையும் குறித்து, பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் சேமித்த படி இருக்கிறதா என்று தேடுங்கள்.

தலைப்பு மாற்றம் ஓசையில்லாமல் ஏமாற்றும். ‘வெள்ளி’ என்று கோளைப் பற்றி எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருவர் அதை ‘வெள்ளி (கோள்)’ என்று நகர்த்துகிறார். வழிமாற்று இருக்கும்வரை உங்கள் இணைப்பு சரியாகவே போகும். உலோகத்துக்கும் கிழமைக்கும் இடம்விட்டு ‘வெள்ளி’யைப் பக்கவழி நெறிப்படுத்தலாக, அதாவது ஒரே பெயருள்ள கட்டுரைகளைப் பட்டியலிடும் பக்கமாக மாற்றிய அன்று, பட்டியல் நீல நிறத்திலேயே இருந்துகொண்டு தவறான இடத்துக்குக் கூட்டிப்போகும். இல்லாத பக்கத்துக்கான சிவப்பு இணைப்பு தானே கண்ணில் படும். இதைச் சொடுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

அட்டவணை தயாரானதும் அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு ‘தொடர்பான மாற்றங்கள்’ என்பதைச் சொடுக்குங்கள். அதிலிருந்து இணைத்த கட்டுரைகளில் அண்மையில் யார் என்ன மாற்றினார்கள் என்பது ஒரே இடத்தில் வரும். அதில் யாரோ உங்கள் வாக்கியத்தைத் திருத்தியிருப்பதைப் பார்த்தவுடன் மீளமைக்கும் பொத்தானைத் தேடாதீர்கள். தொகுப்புச் சுருக்கத்தைப் படியுங்கள், ஐயமிருந்தால் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள்.