ஒரு துடிப்புக்குள் எத்தனை நிறம்?

கேள்வி: ஃபெம்டோ செகண்ட் லேசர் என்கிறார்கள். அவ்வளவு வேகமாக லேசரை அணைத்து அணைத்து ஏற்றும் ஸ்விட்ச் எது?

ஸ்விட்சே கிடையாது. ஒரு நொடியைக் கோடித் துண்டாக்கி, அதில் ஒரு துண்டை மறுபடி பத்துக் கோடியாக வெட்டினால் வருவது ஒரு ஃபெம்டோ செகண்ட். 100 ஃபெம்டோ செகண்டில் ஒளியே 30 மைக்ரான் தூரம்தான் போகும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). எந்த மின்சுற்றாலும் அந்த வேகத்தில் மூடித் திறக்க முடியாது.

வேலையைச் செய்வது நிறங்களின் ஒற்றுமைதான். இந்த லேசரின் இதயமான டைட்டானியம் சஃபையர் படிகம் 800 நானோமீட்டரைச் சுற்றிப் பல அலைநீளங்களில் ஒளிரும். அத்தனை அலைகளின் முகடுகளும் ஒரே கணத்தில் ஒன்றுசேர்ந்தால், அந்தக் கணத்தில் பளிச்சென்று ஒரு துடிப்பு. மற்ற நேரமெல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். செறிவான ஒளி படிகத்துக்குள் தன்னைத்தானே குவித்துக்கொள்வதால், லேசரும் தொடர் ஒளியைவிடத் துடிப்பையே விரும்பி வளர்க்கும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வில்சன் சிபெட்டின் குழு 1991-ல் இதைக் காட்டியது.

நான் 18 வருடம் இந்த மேசையில் வேலை பார்த்தவன். காலையில் லேசரைப் போட்டால் நிறமாலையைக் காட்டும் திரையில் ஊசி மாதிரி ஒரே ஒரு கோடு நிற்கும். ஒரு கண்ணாடியை விரலால் லேசாகத் தட்டுவேன். அந்த ஊசி சட்டென்று அகன்ற மேடாக விரியும். துடிப்பு பிறந்துவிட்டது என்று அர்த்தம். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நொடி எனக்கு அலுத்ததே இல்லை.

கேள்வி: 800 நானோமீட்டர் லேசரிலிருந்து 3 மைக்ரான் அகச்சிவப்பு எப்படிக் கிடைக்கிறது? அதற்கு என்ன அவசியம்?

அவசியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு நீண்டு சுருங்கி அதிர்வது சுமார் 3.4 மைக்ரான் ஒளிக்கு இசைவாக. அந்த அதிர்வை நேரடியாகத் தட்டிப் பார்க்க வேண்டுமானால் அதே அலைநீளத்தில் துடிப்பு வேண்டும்.

இனி வழி. 1961-ல் பீட்டர் ஃபிராங்கனும் அவருடைய குழுவும் சிவப்பு ரூபி லேசரைக் குவார்ட்ஸில் செலுத்தி, இருமடங்கு அதிர்வெண் கொண்ட புற ஊதாக் கதிரைப் பெற்றார்கள். செறிவான ஒளி பொருளுக்குள் புது நிறங்களை உண்டாக்குவதைப் பற்றிய நேரிலா ஒளியியல் அங்கேதான் சூடுபிடித்தது. நமக்கு வேண்டியது அதன் எதிர்த்திசை. 800-ன் ஒரு ஃபோட்டானைப் படிகத்துக்குள் இரண்டாகப் பிரித்தால் 1300, 2080 நானோமீட்டர் என்று இரண்டு கிடைக்கும். ஆற்றல் அலைநீளத்துக்குத் தலைகீழ் என்பதை வைத்துப் போட்டுப் பாருங்கள், ஆற்றல் கணக்கு அப்படியே நேராகும். அப்புறம் அந்த இரண்டையும் இன்னொரு படிகத்தில் சேர்த்து அதிர்வெண் வேறுபாட்டை எடுத்தால் சுமார் 3.47 மைக்ரான்.

எந்த ஜோடியாகப் பிரியும் என்பது படிகத்தைச் சாய்க்கும் கோணத்தைப் பொறுத்தது. ஒரு டிகிரியில் சிறு பங்கு திருப்பினாலே நிறம் நகர்ந்துவிடும். வழிகாட்ட ஒரு விதை ஒளியும் வேண்டும். 800-ல் ஒரு துளியைச் சஃபையர் தகட்டில் குவித்தால், அந்தப் புள்ளியிலிருந்து வெள்ளை ஒளி கிளம்பும். அதில் உள்ள 1300-தான் விதை.

கேள்வி: அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஆபத்தும் குறைவுதானே?

இல்லை, கூடுதல். 800 நானோமீட்டர் விழித்திரை வரை போய்ச் சேரும். பளிச்சென்று தெரியாததால் இமையும் மூடாது. மோதிரம், கைக்கடிகாரம் இரண்டையும் கழற்றிவிட்டு, அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் மேசைப் பக்கமே போக வேண்டும்.

கேள்வி: நான் ஆராய்ச்சி மாணவி. எங்கள் லேசரின் துடிப்பு 10 ஃபெம்டோ செகண்ட். மாதிரிப் பொருள் வைக்கும் இடத்தில் அளந்தால் 100 காட்டுகிறது. கருவியில் கோளாறா?

கருவியைச் சந்தேகிக்கும் முன் வழியில் எத்தனை கண்ணாடிப் பொருள்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். உருக்கிய சிலிக்கா என்ற சுத்தமான கண்ணாடி 1 சென்டிமீட்டர் போதும், 10 ஃபெம்டோ செகண்ட் துடிப்பைச் சுமார் 100 ஆக நீட்டிவிடும். சிவப்புப் பக்கம் முன்னே ஓடும், நீலப் பக்கம் பின்தங்கும். எனக்கும் இதே மாதிரி பத்து நாள் போயிற்று. யாரோ வைத்துவிட்டு மறந்த தடித்த லென்ஸ் ஒன்றுதான் காரணம்.

தீர்வு, பின்தங்கிய நிறத்தை முன்னே தள்ளுவது. ஜோடி முப்பட்டகமோ, அதற்கென்று பூச்சிட்ட கண்ணாடிகளோ போதும். துடிப்பை விரும்பிய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் இன்னும் ஒரு படி மேலே போகலாம். கீற்றணியால் (நெருக்கமான கோடுகள் கீறிய தகடு) நிறங்களைப் பிரித்து விரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் வேண்டிய தாமதத்தைத் திரவப் படிகத் திரையில் கொடுத்து, இரண்டாவது கீற்றணியால் மீண்டும் சேர்ப்பது. ஒரு துடிப்பை இரண்டாக்கலாம், நீட்டலாம், வால் வைக்கலாம்.

நீங்கள் 3 மைக்ரானுக்கு மேல் போவதாக இருந்தால் திரவப் படிகத்தை நம்ப வேண்டாம். அந்த ஒளியைப் பல அலைநீளங்களில் அதுவே விழுங்கிவிடும். அங்கே ஜெர்மானியம் கட்டிக்குள் ஒலி அலையை ஓடவிட்டு நிறங்களைச் செதுக்குகிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் சாம்பல் நிற உலோகத் துண்டு மாதிரிதான் இருக்கும், விளக்கு வெளிச்சம் துளியும் ஊடுருவாது. அகச்சிவப்போ தாராளமாகக் கடந்து போகும்.

இன்னொன்று: ஒளி போகும் பாதையைப் பெட்டிக்குள் அடைத்து நைட்ரஜன் செலுத்துங்கள். 4.26 மைக்ரானில் வேலை செய்தபோது ஒருநாள் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தேன். திரையில் நிறமாலையின் நடுவே பள்ளம் விழுந்தது. நிமிர்ந்து கொஞ்ச நேரம் விலகி நின்றேன், பள்ளம் மெல்ல நிரம்பியது. என் மூச்சுக்காற்றில் இருந்த கார்பன் டை ஆக்சைடு.