மாட்யூலில் யார் பெயரைப் போடுவது?

கேள்வி: கிட்ஹப்பில் கிடைத்த ஒரு பைத்தான் எக்ஸ்ப்ளாய்ட்டை (பாதுகாப்பு ஓட்டையைப் பயன்படுத்தும் நிரல்) வைத்து, பாதுகாப்புச் சோதனைக் கருவியான மெட்டாஸ்ப்ளாய்டுக்கு ஒரு மாட்யூல் எழுதியிருக்கிறேன். பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்தவர் வேறு, அந்த பைத்தான் நிரலை எழுதியவர் வேறு. ஆத்தர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் போதுமா?

பதில்: போதாது. மூன்று பேரும் வர வேண்டும், யார் என்ன செய்தார் என்பதோடு.

அந்த இடத்தில் எத்தனை பெயர் வேண்டுமானாலும் போடலாம். பெயருக்குப் பக்கத்தில் # போட்டு அவர் செய்த வேலையை எழுதுவது அங்கே பழக்கம். விண்டோஸ் ஓட்டை ஒன்றைப் பயன்படுத்தும் எடர்னல்புளூ மாட்யூலைத் திறந்து பாருங்கள். முதல் பெயர் ஈக்வேஷன் குரூப் என்ற ஹேக்கர் குழு: மூல ஆய்வும் எக்ஸ்ப்ளாய்ட்டும். அடுத்து ஷேடோ புரோக்கர்ஸ்: அதைத் திருடி வெளியே கொட்டியவர்கள். அப்புறம் ஸ்லீப்யா: ஆய்வும் மாதிரி நிரலும். மாட்யூலாக மாற்றியவர்கள் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். திருடியவர்களுக்கே ஒரு வரி ஒதுக்கியிருக்கும்போது, நேர்மையாக உழைத்தவரை விட்டுவிட முடியுமா?

கண்டுபிடித்தவர் யார் என்பதைக் கூகுளில் முதலில் வரும் கட்டுரையை வைத்து முடிவு செய்யாதீர்கள். மென்பொருள் நிறுவனத்தின் பாதுகாப்பு அறிவிப்பிலும் சிவிஇ (பாதுகாப்பு ஓட்டைகளுக்கு எண் கொடுக்கும் பொதுப் பட்டியல்) பதிவின் நன்றிப் பகுதியிலும் தேடுங்கள். இப்போதைய சிவிஇ பதிவுகளில் கண்டுபிடித்தவர், தகவல் தெரிவித்தவர், சரிசெய்தவர் என்று தனித்தனியாகக் குறிக்க வசதி உண்டு. சில சமயம் இரண்டு தரப்பு இருக்கும். 2014இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டையை கூகுளின் நீல் மேத்தாவும் பின்லாந்தின் கோடெனோமிகான் நிறுவனப் பொறியாளர்களும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அப்படியானால் இரண்டையும் போடுங்கள். புனைபெயரில் வெளியிட்டவருக்கு அந்தப் புனைபெயரே போதும். நிஜப் பெயரைத் தோண்டி எடுக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது, அதுதான் பெரிய சிக்கல். பெயர் போட்டுவிட்டால் நிரலை நகலெடுக்க அனுமதி கிடைத்துவிடாது. அந்த ரெப்போவில் லைசென்ஸ் கோப்பே இல்லையென்றால், எல்லா உரிமையும் எழுதியவருக்கே. ஜிபிஎல் உரிமம் என்று இருந்தாலும் சிக்கல்தான், அந்த நிரலைச் சேர்த்து வெளியிடுவதையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும்; மெட்டாஸ்ப்ளாய்டோ பிஎஸ்டி உரிமத்தில் வருவது. எழுதியவரிடம் ஒரு இஷ்யூ திறந்து கேளுங்கள். பதில் வரவில்லையா? ஓட்டை எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு ரூபியில் சொந்தமாக எழுதுங்கள். வரிக்கு வரி மொழிமாற்றம் செய்தால் அதுவும் நகல்தான். அனுமதி கிடைத்து அவருடைய நிரலையே சேர்த்தால், கமிட் செய்தியின் கடைசியில் இணை ஆசிரியர் (Co-authored-by) வரியையும் சேர்த்துவிடுங்கள்.

நியூக்ளியை என்ற ஓட்டை தேடும் கருவிக்கு எழுதும் டெம்ப்ளேட்டில் ஆத்தர் என்பது டெம்ப்ளேட் எழுதியவரைத்தான் குறிக்கும். அங்கே கண்டுபிடித்தவரின் மூலக் கட்டுரைக்கு ரெஃபரன்ஸில் இணைப்பு கொடுங்கள்.

மாட்யூல் ஏற்கப்பட்ட பிறகு ஒரு பெயர் விடுபட்டது தெரிந்தாலும் தாமதமில்லை, ஒரு வரி மாற்றி இன்னொரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்பினால் போதும்.