வெட்டாமல் வைத்த நீர்மூழ்கிக் கப்பல்

கேள்வி: விசாகப்பட்டினத்தில் அருங்காட்சியகமாக நிற்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைப் பார்த்தோம். நாங்கள் ஏறி இறங்க வசதியாகக் கப்பலின் பக்கவாட்டில் கதவு வெட்டியிருக்கிறார்கள். அப்படி வெட்டாத கப்பல் எங்காவது உண்டா? யார் பராமரிக்கிறார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லண்டில், ஈரி ஏரிக்கரையில் நிற்கும் ‘காட்’. 1943-ல் நீரில் இறங்கி, இரண்டாம் உலகப் போரில் ஏழு முறை ரோந்து போன கப்பல். 1976-லிருந்து அருங்காட்சியகம். மாலுமிகள் இறங்கிய அதே வட்டத் துவாரம், அதே செங்குத்து இரும்பு ஏணி. முட்டிவலிக்காரர்கள் கரையிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்!

பராமரிப்பில் பெரும்பங்கு தன்னார்வலர்களுடையது. பெயின்ட் சுரண்டுவது, வயரிங் பார்ப்பது, ஊருக்குள்ளேயே தயாரான அந்த டீசல் இன்ஜினைக் கிளப்பிப் பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். கப்பல் பட்டறையில் காலம் தள்ளியவன் என்பதால் சொல்கிறேன்: ஓடாத இன்ஜினைத் துடைத்து வைப்பது சுலபம், ஓட வைப்பதுதான் வேலை. இன்னொரு சௌகரியம், நிற்பது நன்னீரில். கடலில் நின்றால் துரு இதைவிட வேகமாகத் தின்னும். ஆனாலும் தண்ணீருக்குள் இருக்கும் அடித்தகட்டைத் தன்னார்வலர் கையால் சரிசெய்ய முடியாது. அதற்காக 2021-ல் ஈரி நகரத்து உலர்துறைக்கு (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலின் அடிப்பாகத்தைப் பழுதுபார்க்கும் இடம்) இழுத்துப் போனார்கள்.

அப்புறம், 1945-ல் பாறைத்திட்டில் சிக்கிய டச்சு நீர்மூழ்கியின் 56 பேரைக் காப்பாற்றியதும் இதே கப்பல்தான். போவதென்றால் கோடையில் போங்கள்; குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.