மேதை, மேதாவி: இரண்டும் ஒன்றா?

பெங்களூரில் வளரும் உங்கள் மகளை கன்னட ஆசிரியை 'மேதாவி' என்று பாராட்டினாராம், பாட்டிக்கோ முகம் வாடிவிட்டதாம், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாட்டி பக்கமும் நியாயம் உண்டு. இரண்டுமே அறிவுக்கூர்மையைக் குறிக்கும் 'மேதா' என்ற வடசொல்லின் வழி வந்தவைதான், ஆனால் பேச்சுத் தமிழில் மேதாவி என்றால் பெரும்பாலும் குத்தல், "பெரிய மேதாவி மாதிரி பேசாதே" என்று திட்டுவதை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். கன்னடத்தில் அது மரியாதையான சொல், ஆசிரியை மனதாரத்தான் பாராட்டியிருக்கிறார்.

சரி, மேதை? அது நல்ல மதிப்பெண்ணுக்குத் தரும் பட்டம் இல்லை. பெரும்பாலும் துறையின் பெயரோடு வரும்: கணித மேதை ராமானுஜன், சட்ட மேதை அம்பேத்கர். படிப்புக்கும் அதற்கும் கட்டாயத் தொடர்பும் கிடையாது, காமராசரைப் படிக்காத மேதை என்றுதானே சொல்கிறோம்! உங்கள் ஊரிலேயே பிறந்த சகுந்தலா தேவி 1980இல் லண்டனில் இரண்டு 13 இலக்க எண்களை 28 நொடியில் மனக்கணக்காகப் பெருக்கிச் சொன்னார், அவரைத் தயங்காமல் கணித மேதை என்று எழுதலாம்.

சின்ன வயதிலேயே அசாத்தியத் திறமை காட்டினால் 'குழந்தை மேதை' என்பார்கள். எனக்கென்னவோ பிள்ளைகள் மேல் அந்தச் சுமையை ஏற்றுவதில் விருப்பமில்லை. உங்கள் மகளைப் பற்றி எழுதும்போது 'கெட்டிக்காரி' அல்லது 'புத்திசாலி' என்றே எழுதுங்கள், பாட்டியும் சந்தோஷப்படுவார்.