கோழித் தூக்கம்

அன்புள்ள ஐயா,

கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுதி அறையில் நான்கு பேர். எனக்குச் சின்னச் சத்தத்துக்கும் விழிப்பு வந்துவிடும். நள்ளிரவுக்கு மேல் ஒருவன் அலமாரியைத் திறப்பான், இன்னொருவன் போனில் பேசுவான். ஐந்தரைக்கு ஒருவனுடைய அலாரம் நாலு தடவை அடிக்கும், அவன் மட்டும் எழமாட்டான். சொன்னால் ‘ஓவரா சீன் போடாத’ என்கிறார்கள். வகுப்பில் கண் சொக்குகிறது. கோளாறு என்னிடம்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. உங்கள் வயதில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் தூங்கினாலும் காது திறந்தேதான் இருக்கிறது. வரும் சத்தத்தை மூளை வாசலிலேயே மறிக்கிறது, அந்த மறிப்பு ஆளுக்கு ஆள் மாறும். 2010-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 12 பேரைத் தூங்கவைத்து, போன் மணி, வண்டி இரைச்சல் போன்ற ஒலிகளைப் போட்டுப் பார்த்தார்கள். ‘ஸ்பிண்டில்’ என்ற குறுகிய மூளையலை யாருக்கு அதிகமோ, அவர்கள் அந்தச் சத்தத்திலும் எளிதில் விழிக்கவில்லை. உங்கள் நண்பர்கள் நடிப்பென்று நினைப்பது உடம்பின் வாகு.

நம்மை எழுப்புவது பெரும்பாலும் சத்தத்தில் வரும் மாற்றம். இரவெல்லாம் கடகடக்கும் ஃபேனில் தூங்குகிறோம், கரண்ட் போய் அது நின்றதும் விழித்துக்கொள்கிறோம். ஆகவே கட்டில் கதவோரம் இருந்தால் எடுத்து ஃபேனுக்கு நேர்கீழே போடுங்கள், அதன் சீரான இரைச்சலில் மற்ற சத்தங்கள் அவ்வளவாகத் தெரியாது. மெடிக்கல் ஷாப்பில் காதடைக்கும் நுரைப்பஞ்சு (ஃபோம் இயர்பிளக்) கிடைக்கும். சும்மா அழுத்தினால் வெளியிலேயே நிற்கும். விளக்குத் திரிபோல ஒல்லியாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். அது விரிந்து அடைத்துக்கொள்ளும். உங்கள் போனை வைப்ரேட்டில் போட்டுத் தலையணை உறைக்குள் வைத்தால் விடியலில் எழுந்துவிடலாம்.

‘சத்தம் போடாதீங்கடா’ என்று நானும் ஒரு வருடம் கத்தியிருக்கிறேன். எதைச் செய்யக் கூடாதென்று யாருக்கும் புரியவில்லை. ஒருநாள் எதிர்க்கட்டில்காரனிடம், ‘உன் அலமாரிக் கதவு கிறீச்சிடுதுடா, அதுலதான் முழிச்சுக்கறேன்’ என்றேன். அன்று சாயங்காலமே தையல் மெஷின் எண்ணெய் வாங்கி வந்தான். விளக்குமாற்றுக் குச்சியில் தொட்டு ஒவ்வொரு கீலிலும் இரண்டு சொட்டு விட்டு, கதவை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். என்னை அதிகம் கிண்டல் செய்தவன் அவன்தான்.

நீங்களும் அப்படி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ராத்திரி எடுக்க வேண்டியதைப் பதினொன்றுக்குள் எடுத்து வைக்கட்டும். போன் பேச்சு வராந்தாவில். அலாரம் அவன் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் இருந்தால் முதல் அடிப்பிலேயே எழுந்துபோய் நிறுத்துவான். எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் பதினொன்று முதல் இரண்டு வரையாவது கேட்டு வாங்குங்கள். ஆழ்ந்த தூக்கத்தில் பெரும்பங்கு இரவின் முதல் பகுதியில்தான் வருகிறது.

அப்படியும் வகுப்பில் கண் சொக்கினால் வார்டனிடம் அறை மாற்றம் கேளுங்கள், ஒரு மருத்துவரையும் பாருங்கள். இந்த ஞாயிறு கட்டிலை நகர்த்திவிட்டு, எப்படித் தூங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.