கிண்ணத்துக்கு முன்பே ஒரு சிங்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சூளையிலிருந்து செந்தணலாகவே வெளியே எடுக்கப்படும் ஜப்பானிய ராக்கு மட்பாண்டங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தபின் அமெரிக்கக் கலைஞர் பால் சோல்ட்னரின் படைப்புகளைத் தேடிப் பார்த்தேன். மண்பலகைகளில் மனித உருவங்கள் பதிந்த அவருடைய சுவர்ச் சிற்பங்கள் என்னைக் குழப்பிவிட்டன. ராக்கு தேநீர்க் கிண்ணத்துக்காகவே பிறந்த கலை அல்லவா? அதில் உருவங்களைச் செய்வது மரபை விட்டு விலகுவது ஆகாதா? அவர் எங்கிருந்து அங்கே வந்து சேர்ந்தார்?

க., திருச்சி

அன்புள்ள க.,

ஜப்பானின் கியோத்தோவில் உள்ள ராக்கு அருங்காட்சியகத்தில் சுடுமண்ணால் ஆன ஒரு சிங்கம் இருக்கிறது. கட்டளையின்படி சோஜிரோ இதைச் செய்தார் என்ற வாசகமும் 1574 ஆம் ஆண்டைக் குறிக்கும் சொற்களும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தேநீர்க் கலையின் பேராசான் சென் நோ ரிக்யூவுக்காகச் சோஜிரோ கிண்ணங்கள் வனைந்தது அதற்குப் பிறகுதான். ராக்கு மரபின் முதல்வர் என்று போற்றப்படுபவரின் கையிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய படைப்பே ஓர் உருவம் என்னும்போது, உருவம் செய்வதை விலகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சோல்ட்னர் 1921 இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். போரை மறுக்கும் மென்னோனைட் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்ததால் ஆயுதம் ஏந்த மறுத்து, இரண்டாம் உலகப் போரில் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றினார். போரின் முடிவில் ஆஸ்திரியாவின் மௌத்ஹௌசன் வதைமுகாமுக்குள் சென்றபோது, அங்கே அடைபட்டிருந்தவர்கள் சுவர்களில் வரைந்துவைத்திருந்த ஓவியங்களைக் கண்டார். சாவின் விளிம்பில் நின்றவர்களும் வரைந்திருக்கிறார்கள் என்ற அந்தக் காட்சிதான் அவரைக் கலையின் பக்கம் திருப்பியது. அவருடைய உருவங்கள் தனித்து நிற்கும் சிலைகளாக இல்லாமல் சுவரோடு ஒட்டியவையாக, அழுத்திய தடங்களாகவே பெரும்பாலும் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகாமின் சுவர் நினைவுக்கு வருகிறது. அவர் அப்படிச் சொன்னதில்லை. இது என் வாசிப்பு மட்டுமே.

முப்பது வயதைக் கடந்த பிறகு, 1954 இல், லாஸ் ஏஞ்சல்ஸில் மட்பாண்டக் கலைஞர் பீட்டர் வௌல்கோஸிடம் அவருடைய முதல் மாணவராகச் சேர்ந்தார். வௌல்கோஸ் பாடம் நடத்தியவர் அல்லர். மாணவர்களுக்கு நடுவே தானும் ஒருவராக இரவு பகலாக மண்ணில் உழைத்தவர். பாத்திரம் பாத்திரமாகவே இருக்க வேண்டியதில்லை என்ற துணிச்சல் சோல்ட்னருக்கு அங்கேதான் கிடைத்திருக்க வேண்டும்.

1960 இல், கிளேர்மாண்டில் உள்ள ஸ்கிரிப்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, ஆங்கிலேய மட்பாண்டக் கலைஞர் பெர்னார்ட் லீச்சின் நூலில் படித்த குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, திறந்தவெளியில் சிறு சூளை கட்டி ராக்குவை முயன்று பார்த்தார். செந்தணலாக எடுத்த கலத்தின் நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் உதிர்ந்து கிடந்த பெப்பர் மரத்து இலைகளில் அதைப் போட்டுப் புரட்டினார். (கலிஃபோர்னியாவில் வளரும் அந்த மரத்துக்கும் நம் மிளகுக் கொடிக்கும் உறவில்லை.) இலை பற்றி எரிந்து புகைந்து, பூச்சில்லாத மண் கறுத்தது, கண்ணாடிபோல உருகிப் படியும் மெருகுப் பூச்சின் விரிசல்களிலும் கருமை இறங்கியது. ஜப்பானிய ராக்குவில் இந்தப் புகையூட்டல் கிடையாது. ஆகவே மரபை விட்டு அவர் விலகிய இடம் என்று இந்தப் புகையைத்தான் நான் சொல்வேன். ராக்கு என்பது ஒரு குடும்பத்தின் பெயர், அதைப் பிறர் எடுத்தாளலாகாது என்று கியோத்தோவின் ராக்கு குடும்பத்தார் ஆட்சேபித்ததிலும் நியாயம் உண்டு.

ஆனால் உருவத்துக்கு அந்தப் புகை செய்யும் நன்மை பெரிது. ராக்கு சுடுவதை ஒருமுறை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். ஏறத்தாழ 1000 டிகிரி வெப்பத்திலிருந்து நீண்ட இடுக்கியால் தூக்கப்பட்ட ஒரு தலைச்சிற்பம், காய்ச்சிய வெல்லப்பாகு போல மின்னியபடி வெளியே வந்தது. காற்றுப் பட்டதும் மெருகு கிண் கிண் என்று மெல்லிய ஒலியுடன் விரிசல் விட்டது. மரத்தூள் நிரம்பிய தகர டப்பாவுக்குள் அதை இறக்கி மூடினார்கள். ஆறிய பிறகு கழுவியபோது, கன்னத்தில் முதியவரின் தோல்போல நுண்ணிய கறுப்புக் கோடுகள். எந்தத் தூரிகையும் அவற்றை வரைந்திருக்க முடியாது. அதே நாளில், கழுத்து மெலிந்திருந்த இன்னொரு சிற்பம் திடீர்க் குளிர்ச்சியைத் தாங்காமல் இரண்டாகப் பிளந்தது. பொடித்த சுட்ட மண்ணைக் களிமண்ணில் கலப்பதும், உள்ளே குடைந்து சுவரை ஒரே கனத்தில் வைப்பதும் இதற்காகத்தான். நீட்டிய கை, தனித்த விரல் போன்றவை இந்தச் சூளையில் பிழைப்பது அரிது. சோல்ட்னர் தட்டையான பலகைகளில் அச்சுகளையும் காலணியின் அடிப்பாகத்தையும் அழுத்தி உருவங்களைப் பதித்தது, இந்த நெருப்பின் குணத்தை அறிந்த ஒருவரின் தேர்வாகவே எனக்குப் படுகிறது.

அவர் 2011 ஜனவரியில் கிளேர்மாண்டில் காலமானார். அந்தச் சுவர்ச் சிற்பங்களின் படங்களை மீண்டும் திறக்கும்போது, பூச்சு முடிந்து வெறும் மண் தொடங்கும் ஓரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். புகை எந்த இடத்தில் நின்றது என்பது அங்கே தெரியும்.

அன்புடன்,
ஆசிரியர்